பதினேழாம் கட்டிலின் உறவினர்

“உங்க வீட்டுக்காரர் முகம் உங்களுக்கு எவ்வளவு தூரம் தெரியும்?”

தொற்று நோய் ஆஸ்பத்திரியின் தொடர்பு அதிகாரி அவளிடம் இப்படித்தான் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு முன்னால் ஒரு படிவம் இருந்தது. அந்தக் கேள்விக்கு எதிரே நான்கு கட்டங்கள்: நன்றாகத் தெரியும், ஓரளவு தெரியும், பார்த்தால் தெரியும், தெரியாது. பேனா முனையை மூன்றாவது கட்டத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு அவர் காத்திருந்தார்.

அவள் அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்பவள். பதினாறு வருடமாக ஒரே ஆளோடு குடும்பம் நடத்துகிறவள்.

“நல்லா தெரியும் சார்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“என் புருஷன் சார்.”

“அது உறவும்மா. நான் கேட்டது முகம்.”

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். போன வாரம் லிஃப்ட் குழிக்குள் தவறி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. புண்ணில் சீழ் வைத்து, அது சாதாரணச் சீழ் இல்லை என்று தெரிந்ததும், செவ்வாய்க்கிழமை காலையில் அவரை இங்கே கொண்டுவந்து மூன்றாம் மாடியில் தனிமை வார்டில் போட்டார்கள். அந்த வார்டுக்குள் உறவினர் யாரும் போகக் கூடாது. செல்போனையும் வாங்கிப் பூட்டிவிட்டார்கள், அதில் கிருமி ஒட்டுமாம். அதற்குப் பதிலாகத் தரைத்தளத்தில் இருபது திரைகள் வைத்த ஒரு கூடம் கட்டி, அதற்கு ‘நேர்முகக் கூடம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் யாரும் யாரையும் நேரில் பார்க்க முடியாத ஒரே இடம் அதுதான்.

கூடத்துக்குள் நுழைவதற்கு ஒரு முறை இருந்தது. தரையில் மஞ்சள் பெயிண்டில் வரைந்திருந்த பாதங்களின் மேல் நின்று, “நான் பதினேழாம் கட்டிலின் உறவினர், நல்ல மனநிலையில் இருக்கிறேன்” என்று மைக்கில் சொல்ல வேண்டும். அழுகையோடு சொன்னால் இயந்திரம் ஏற்காது. திரும்ப வரிசையின் வாலுக்குப் போக வேண்டியதுதான். உள்ளே போனதும் தரையோடு முடுக்கிய நாற்காலியில் உட்கார்ந்து பச்சைப் புள்ளியையே பார்க்க வேண்டும். புள்ளி திரைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. புள்ளியைப் பார்த்தால் ஆளைப் பார்க்க முடியாது, ஆளைப் பார்த்தால் “புள்ளியைப் பார்க்கவும்” என்று ஒரு பெண் குரல் அதட்டும். பத்து நிமிடம் முடிந்ததும் திரையில் மூன்று முகங்கள் வரும். சின்னச் சிரிப்பு, நடுத்தரச் சிரிப்பு, பெரிய சிரிப்பு. ஏதாவது ஒன்றை அமுக்கினால்தான் வெளியே போகும் கதவு திறக்கும்.

முதல் மூன்று நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. வீட்டுக்காரர் படுத்தபடியே பேசினார். வலி பரவாயில்லை என்றார், மேலே காற்றாடி ஒரு பக்கமாகச் சுற்றுகிறது, யாராவது பேரிங்கைப் பார்க்க வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் திரை தெளிந்தபோது அங்கே வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். பல் தேய்க்கும் பிரஷ் இரண்டை வைத்து ஒட்டினாற்போல அடர்த்தியான புருவம்.

“யாரும்மா நீங்க?”

“நீங்க யாரு சார்?”

“கூப்பிட்டது நீங்க. முதல்ல நீங்கதான் சொல்லணும்.”

அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தோலில் ஏதோ தொற்று என்று வந்திருந்தார். தன்னைக் கூப்பிட யாரும் இல்லை என்றும், மணி அடித்ததும் தப்பு நடந்திருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது என்றும் சொன்னார். அவள் பச்சைப் புள்ளியைப் பார்த்தபடி மீதி ஒன்பது நிமிடத்தைக் கழித்தாள். கதவு திறக்க வேண்டுமே என்று சின்னச் சிரிப்பை அமுக்கினாள். நேராகத் தொடர்பு அதிகாரியின் அறைக்குப் போனாள்.

அதிகாரியின் தலைக்கு மேலே சட்டம் போட்டு ஒரு பட்டியல் மாட்டியிருந்தது. ‘பழுதுகள்’ என்று தலைப்பு. படம் இல்லை. ஒலி இல்லை. படம் உண்டு, ஒலி இல்லை. ஒலி உண்டு, படம் இல்லை.

“படம் வந்துச்சா?” என்று கேட்டார்.

“வந்துச்சு.”

“ஒலி?”

“வந்துச்சு சார்.”

“அப்புறம் என்னம்மா குறை?”

“ஆளு மாறிப் போச்சு சார்.”

அவர் நாற்காலியைத் திருப்பிப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தார். மறுபடி கீழிருந்து மேலே படித்தார். “அப்படி ஒரு பழுது கிடையாதும்மா” என்றார். “படமும் ஒலியும் எங்க பொறுப்பு. ஆளு மருத்துவப் பிரிவு.”

அதற்குப் பிறகுதான் அந்த முகக் கேள்வியைக் கேட்டார். புருவம் வேறு மாதிரி என்று அவள் சொன்னதற்கு, படுத்தே கிடந்தால் புருவம் அடர்ந்து வளர்வதுண்டு என்றார். வயது இருபது வருடம் கூடத் தெரிகிறதே என்றாள். நோய் வந்தால் அப்படித்தான் தெரியும் என்றார். அவர் தன்னை டிக்கெட் பரிசோதகர் என்கிறாரே என்றாள். “ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவங்க என்னென்னவோ சொல்வாங்க. நாம அதையெல்லாம் மனசுல வச்சுக்கக் கூடாது” என்று ஆறுதல் சொன்னார்.

இருந்தாலும் வந்தவளை வெறும் கையோடு அனுப்பும் வழக்கம் அந்தப் பிரிவில் இல்லை. சரிபார்ப்பு நடவடிக்கையை ஆரம்பித்தார். முதலில் இயந்திரத்தை அணைத்துப் போட்டார்கள். அதே புருவம் வந்தது. திரையை ஈரத்துணியால் துடைத்தார்கள். புருவம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. அடுத்து நாற்காலியை மாற்றினார்கள். அதற்கும் அசையாததால், “இனி உங்களைத்தாம்மா அணைச்சுப் போடணும்” என்றார் அதிகாரி.

“என்னையா?”

“வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போயிடுங்க. ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்க. ஒண்ணும் நினைக்காதீங்க. அப்புறம் புதுசா டோக்கன் வாங்கிட்டு வாங்க. பாதிப் பேருக்கு இதுலயே சரியாயிடும்.”

அவள் ரோட்டுக்குப் போய் நின்றாள். ஒன்றும் நினைக்காமல் இருக்கத்தான் முடியவில்லை. டோக்கன் வாங்கி, இரண்டு மணி நேரம் நின்று, பாதங்களின் மேல் ஏறி, நல்ல மனநிலையில் இருக்கிறேன் என்று சொல்லி உள்ளே போனாள்.

“மறுபடியும் நீங்களாம்மா?” என்றார் பரிசோதகர்.

சனிக்கிழமையும் அதே கதைதான். அன்று அவள் கையில் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். ‘திரையில் தெரிபவரை ஏற்றுக்கொள்வது எப்படி?’ என்று அட்டையில் போட்டிருந்தது. அவள் பழக்கதோஷத்தில் முதலில் தையலைப் பார்த்தாள். ஒரு தாள் தலைகீழாக மடிந்து, நாலாம் பக்கத்துக்குப் பிறகு ஏழாம் பக்கம் வந்தது. அச்சகத்தில் இப்படி ஒரு பிரதி வெளியே போயிருந்தால் முதலாளி அன்றைக்கே அவள் சீட்டைக் கிழித்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை உறவினர்களுக்கு விடுமுறை. வீட்டில் உட்கார்ந்து, பசை காய்ந்த விரலை உரித்துக்கொண்டு, மேலே கிடக்கும் மனிதர் என்ன நினைப்பாரோ என்பதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில், அழுக்குத் துணி மூட்டைகள் இறங்கும் பக்கவாசலில் மூன்றாம் மாடி நர்ஸைப் பிடித்துவிட்டாள். தலைமுதல் கால்வரை பிளாஸ்டிக் உறை. கண் மட்டும்தான் தெரிந்தது.

“சிஸ்டர், லிஃப்ட் மெக்கானிக்… கால்ல அடிபட்டவரு…”

“அக்கா, நீங்கதானா அது!” நர்ஸ் மூட்டையைக் கீழே போட்டாள். “அவரு பதினேழுல இல்லக்கா. இருபத்திமூணுல இருக்காரு. வியாழக்கிழமை சாயங்காலம் வார்டுக்கு வெள்ளையடிச்சாங்க. எல்லாரையும் வராந்தாவுக்குத் தள்ளிட்டு, எந்தச் சுவர் முதல்ல காஞ்சுதோ அங்க கொண்டுபோய்ப் போட்டாங்க. கட்டில் நம்பர் சுவத்துல இருக்கு. திரையும் சுவத்துல இருக்கு. ஆளுதான் நகர்ந்துட்டாரு.”

அவளுக்குச் சட்டென்று விளங்கியது. ஒரு தாள் இடம் மாறினால் பின்னால் வருகிற பக்கமெல்லாம் இடம் மாறும்.

“டாக்டருக்குத் தெரியாதா?”

“டாக்டருங்க மணிக்கட்டுல கட்டியிருக்கிற பட்டையைப் பார்த்துதான் மருந்து தர்றாங்க. அதுல பேரு சரியா இருக்கு. தொடர்புக்காரங்கதான் கட்டில் நம்பரைப் பார்க்கிறாங்க.” நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். “அக்கா, பயப்படாம கேளுங்க. காலுக்கு எடை கட்டித் தொங்க விட்டிருக்காங்க. செத்த எலும்பைச் சீக்கிரம் எடுக்கணும். வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆபரேஷன்னு எழுதியிருக்காங்க. அதைத் தாண்டினா சீழ் ரத்தத்துல ஏறிடும்னு பெரிய டாக்டர் சத்தம் போட்டாரு. ஆனா சம்மதம் வேணும். நோயாளி சம்மதம்னு சொல்லணும், பெண்டாட்டி திரையில பார்த்துக்கிட்டு இருக்கணும். புதன் மத்தியானத்துக்குள்ள.”

“நேர்ல கேட்டுக்கலாமே சிஸ்டர்? பக்கத்துலயேதான் இருக்கீங்க.”

“கேட்டேனே. சரின்னுட்டாரு. அது செல்லாதாம். பேப்பர்ல கையெழுத்தும் செல்லாது. திரையில சொன்னாதான் செல்லும்.”

“என்னைப் பத்தி ஏதாவது…”

நர்ஸ் மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். “நாலு நாளா வரலியேன்னு கேட்டாரு. தினம் கீழ வர்றாங்கன்னு சொன்னேன். ‘ஆறுதலுக்குச் சொல்றீங்க சிஸ்டர்’னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டாரு.”

அவள் அப்படியே அதிகாரியின் அறைக்கு ஓடினாள். இந்தத் தடவை அவளிடம் காரணம் இருந்தது. கட்டில் எண் இருந்தது. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அதாவது, இணைப்பு சரியா இருக்கு. உங்க வீட்டுக்காரர்தான் தப்பான இடத்துல இருக்காரு.”

“ஆமா சார்!”

“அப்ப அவரைத் திரும்பப் பதினேழுக்குக் கொண்டுவரணும்.”

“கொண்டு வாங்க சார்.”

“அது தளவாடப் பிரிவு. பதினஞ்சு வேலை நாள் ஆகும். அவரு காலுக்கு எடை கட்டியிருக்குன்னு வேற சொல்றீங்க, அசைக்கக் கூடாதுன்னுவாங்க.”

“அப்ப என்னை இருபத்திமூணுக்குப் போட்டுக் கொடுங்க சார். ஒரு நம்பர்தானே.”

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். முதல் தடவையாக அவர் முகம் கறுத்தது.

“அம்மா, இருபத்திமூணாம் கட்டிலுக்கு உறவினர் யாரும் கிடையாது. பதிவேட்டுல ‘இல்லை’ன்னு இருக்கு. பதினேழாம் கட்டிலோட மனைவி நீங்க. ஊரு பேரு தெரியாத ஒரு ஆம்பளை நோயாளியோட உங்களைப் பேச விடச் சொல்றீங்களே, இது நல்லாவா இருக்கு? நாளைக்கே உங்க வீட்டுக்காரர் வந்து என்னைக் கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்?”

சொந்தப் புருஷனுக்கே அந்நியப் பெண்ணாகிவிட்டதை ஜீரணிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“நான் சொல்றதைக் கேளுங்க” என்று அதிகாரி குரலைக் குழைத்துக்கொண்டார். “பதினேழாம் கட்டில் ‘சம்மதம்’னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சம்மதம் உங்க வீட்டுக்காரர் பேருல பதிவாகும். ஆபரேஷன் பிரிவு பேரைப் பார்த்துச் செய்யும். எல்லாருக்கும் நல்லது. நீங்க எதுக்கு நடுவுல யாரு யாருன்னு நோண்டிக்கிட்டு?”

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அவள் புள்ளியைப் பார்க்கவில்லை. பரிசோதகரையே பார்த்தாள். அந்தப் பெண் குரல் அதட்டிக்கொண்டே இருந்தது. அதற்கு நடுவில் இருபத்திமூணாம் கட்டில், எலும்பு, சீழ், வியாழக்கிழமை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

“ஒரே வார்த்தைதான் சார். சம்மதம்னு சொல்லிடுங்க.”

பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முப்பத்திரண்டு வருஷம்மா. அடுத்தவன் பேருல வாங்கின டிக்கெட்ல போறவனைப் பிடிச்சு இறக்கி விட்டிருக்கேன். அழுதவங்க உண்டு. கால்ல விழுந்தவங்க உண்டு. ஒருத்தரையும் விட்டதில்ல. இப்ப நானே இன்னொருத்தர் பேருல பேசணுங்கிறீங்க.”

“ஒரு உசுரு சார்.”

“தெரியுது. தெரியாம இல்ல.”

“உங்களுக்கு மனசே இல்லையா?”

அவர் திரைக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். அங்கே பிளாஸ்டிக் உறை போட்ட விதித்தாள் ஒன்று தொங்கியது. “இங்க படிக்கிறதுக்கு இது ஒண்ணுதாம்மா இருக்கு. இருபத்தாறு விதி. எட்டு தடவை படிச்சிட்டேன்” என்றார். “நாளைக்கு என்னை யாராவது கேட்டா நான் உண்மையைத்தான் சொல்வேன். நீங்க மட்டும் எதுவும் பேசாதீங்க.”

நேரம் முடிந்தது. மூன்று முகங்கள் வந்தன. அவள் முஷ்டியால் குத்தினாள். பெரிய சிரிப்பு பதிவாகிக் கதவு திறந்தது.

அந்தப் பெரிய சிரிப்புதான் வினையாகிவிட்டது. அது நேர்முகக் கூடத்தின் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாவது வெற்றிகரமான அழைப்பு. பத்தாயிரமாவதை மறுநாள் விழா எடுத்துக் கொண்டாட முடிவு செய்து, அதுவரை மற்றத் திரைகளை அணைத்து வைத்தார்கள். அதற்குப் பெரிய சிரிப்பு அமுக்கிய ஒரு குடும்பம் தேவைப்பட்டது.

புதன்கிழமை அவள் போனபோது கூடத்தில் நாற்காலி போட்டிருந்தது. படம் பிடிக்க நான்கு பேர் நின்றார்கள். மஞ்சள் பாதங்களுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்ததால் அது செருப்பில் ஒட்டியது. ஆஸ்பத்திரியின் இயக்குநர் வந்தார். உயரமான மனிதர், உட்காராமலே பேச ஆரம்பித்தார்.

“ஒரு காலத்தில் உறவினர்கள் வருவார்கள், நோயாளியைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். நமக்கு என்ன மிஞ்சியது? ஒரு புள்ளிவிவரம்கூட மிஞ்சவில்லை. கண்ணீர் விட்டார்கள், அதை யார் பதிவு செய்தார்கள்? இன்று ஒரு பார்வைகூட வீணாவதில்லை. பத்தாயிரம் அழைப்பில் ஒன்றுகூடத் தோற்கவில்லை என்று சொல்கிறபோது சிலர் நம்ப மறுக்கிறார்கள். ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். தோல்வி என்றால் என்னவென்றே எங்கள் இயந்திரத்துக்கு நாங்கள் சொல்லித்தரவில்லை!”

கைதட்டல் எழுந்தது. தொடர்பு அதிகாரிதான் கடைசியாக நிறுத்தினார்.

“நோயாளி நம்மைத் தேடி வருகிறார். அவர் யார் என்பது முக்கியமல்ல. அவர் தொடர்பில் இருக்கிறாரா என்பதே முக்கியம்” என்று முடித்துவிட்டு, இயக்குநர் தன் கையாலேயே பொத்தானை அமுக்கினார்.

திரை தெளிந்தது. பரிசோதகர் தலையை ஒழுங்காக வாரியிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐந்து. இன்னும் ஐம்பத்தைந்து நிமிடத்தில் மத்தியானம். நாற்காலியின் கைப்பிடியை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“வணக்கம். உங்கள் மனைவியைப் பார்த்ததில் மகிழ்ச்சிதானே?” என்றார் இயக்குநர்.

“யாரு மனைவி?” என்றார் பரிசோதகர்.

படம் பிடிப்பவர்கள் நிமிர்ந்தார்கள்.

“இதோ, உங்கள் மனைவி. ஆபரேஷனுக்கு உங்கள் சம்மதத்தைக் கேட்க வந்திருக்கிறார்.”

“இந்த அம்மா என் மனைவி இல்ல. எனக்குக் கல்யாணமே ஆகல. எனக்கு ஆபரேஷனும் கிடையாது, நாளைக்கு வீட்டுக்குப் போறேன். இவங்க வீட்டுக்காரர் இருபத்திமூணுல படுத்திருக்காரு. நீங்க தப்பான ஆளைக் கூப்பிட்டிருக்கீங்க.”

எல்லாம் போயிற்று என்று அவள் நினைத்தாள். எழுந்து கத்தலாமா என்று வாயைத் திறந்தாள். திரையில் பரிசோதகர் லேசாகத் தலையை அசைத்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

இயக்குநர் பத்து விநாடி யோசித்தார். பிறகு படம் பிடிப்பவர்கள் பக்கம் திரும்பி, கனிவாகச் சிரித்தார்.

“பார்த்தீர்களா? நேரில் வந்திருந்தால் இது தெரிந்திருக்குமா? அழுதிருப்பார்கள், கட்டிப்பிடித்திருப்பார்கள், அந்தக் குழப்பத்தில் தெரியாமலே போயிருக்கும். எங்கள் திரை ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டது. இந்த மனிதருக்கு மனம் தெளிவாக இல்லை. கட்டிய மனைவியையே தெரியவில்லை!”

கைதட்டல் முன்னைவிடப் பலமாக எழுந்தது.

“அப்படின்னா விதி பதினொன்றைப் பாருங்க” என்றார் பரிசோதகர், கைதட்டல் அடங்கியதும். சுவரில் இருந்த தாளைப் பார்த்து, ரயில் பெட்டியில் அபராதம் வாசிக்கிற குரலில் வாசித்தார். “‘நோயாளி தன் வாழ்க்கைத் துணையை அடையாளம் காணத் தவறினால், அவர் தெளிவற்ற நிலையில் இருப்பதாகக் கொள்ளப்படும். அந்நிலையில் வாழ்க்கைத் துணையின் சம்மதமே போதுமானது.’ கீழ உங்க கையெழுத்து இருக்கு சார்.”

இயக்குநருக்குத் தன் கையெழுத்தின் மேல் அளவில்லாத மரியாதை உண்டு. “விதி பதினொன்றின்படி நடக்கட்டும்” என்றார்.

“சம்மதம்” என்றாள் அவள். யாரும் அவளைக் கேட்பதற்குள் சொல்லிவிட்டாள். மணி பதினொன்று பன்னிரண்டு.

திரை அணைவதற்கு முன் பரிசோதகரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பொய்கூடச் சொல்லாமல் முடித்துவிட்ட மனிதரின் முகம் அது. தனக்குப் பின்னால் நின்ற தொடர்பு அதிகாரி ஒரு தாளில், ‘பதினேழாம் கட்டில், மனநிலைப் பரிசோதனைக்கு’ என்று எழுதுவதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு நர்ஸ் அவளை லிஃப்ட்டுக்கு எதிரில் கண்ணாடித் தடுப்பு ஓரமாக நிறுத்தி வைத்தாள். தள்ளுவண்டி வந்தது. வீட்டுக்காரரின் முகம் பாதியாகக் குறைந்திருந்தது. மருந்து மயக்கத்தில் கண் சொருகிக்கொண்டு வந்தவர், அவளைப் பார்த்ததும் வலுக்கட்டாயமாக விழித்தார். கண்ணாடிக்கு அப்பால் இருந்து குரல் மெலிதாகத்தான் கேட்டது.

“இப்பதான் வர்றியா?”

“தினம் வந்தேங்க. கீழதான் இருந்தேன். உங்களைத்தான்…”

லிஃப்ட் வந்து நின்றது. அவர் காதைச் சாய்த்துக் கேட்டார்.

“ரோப் உரசுது. யார்கிட்டயாவது சொல்லு” என்றார். கதவு மூடிக்கொண்டது.

பத்து மணிக்கு ஆபரேஷன் ஆரம்பித்தது. பத்தே காலுக்கு ஒலிபெருக்கியில், “பதினேழாம் கட்டிலின் உறவினர் உடனே மனநலப் பிரிவுக்கு வரவும்” என்று கூப்பிட்டார்கள்.

சின்ன அறை. ஒரு மேஜைக்குப் பின்னால் மனநல டாக்டர். பக்கத்தில் தொடர்பு அதிகாரி, அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு தொலைபேசி. எதிர் நாற்காலியில் பரிசோதகர் உட்கார்ந்திருந்தார். சொந்தச் சட்டை, சொந்தப் பேண்ட், மடியில் ஒரு துணிப்பை. அவரைத் திரை இல்லாமல் அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார்.

“என் பேருல வீட்டுக்குப் போகலாம்னு சீட்டு கொடுத்தாச்சு” என்று அவர் டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “வாசல்ல நிறுத்திக் கூட்டிட்டு வந்துட்டாங்க.”

“அது மணிக்கட்டு” என்றார் அதிகாரி. “நான் கட்டிலைப் பத்திப் பேசறேன்.”

டாக்டர் ஒரு படிவத்தை முன்னால் இழுத்தார். நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தது. “ஒரே கேள்விதான். இந்த அம்மா உங்க மனைவியா? ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

“சொல்றதுக்கு முன்னாடி விளைவைச் சொல்லிடறேன்” என்று அதிகாரி குறுக்கிட்டார். ஒளிவு மறைவில்லாமல் வேலை செய்பவர் என்று அவருக்குப் பேர் உண்டு. “இல்லைன்னு சொன்னா தெளிவு வரலேன்னு அர்த்தம். ஆறு வாரம் இங்கயே கண்காணிப்பு. ஆமான்னு சொன்னா தெளிவா இருக்காருன்னு அர்த்தம். இன்னிக்கே போகலாம். ஆனா தெளிவா இருக்கிறவரோட சம்மதம் இல்லாம நேத்து எடுத்த சம்மதம் செல்லாது. நான் ஆபரேஷன் அறைக்குப் போன் பண்ணி நிறுத்தச் சொல்லணும்.”

“நடுவுலயா? திறந்து வச்சிருப்பாங்களே!” என்று அவள் அலறினாள்.

“நிறுத்தறது மருத்துவப் பிரிவு. தெரிவிக்கிறது மட்டும்தான் நாங்க.”

இவர் யாரோ, இவரை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவள் மனைவி இல்லை என்றாகும். மனைவி இல்லாதவள் கொடுத்த சம்மதமும் செல்லாது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேலே கத்தி ஓடிக்கொண்டிருந்தது.

“சொல்லுங்க” என்றார் டாக்டர். “இவங்க உங்க மனைவியா?”

பரிசோதகர் அவளைப் பார்த்தார். பிறகு தொலைபேசியைப் பார்த்தார். பிறகு படிவத்தைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதை அக்கறையாகப் படித்தார். இரண்டே கட்டங்கள்தான் இருந்தன.

“ஆமாவா, இல்லையா?”

அதிகாரி தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். விரல் எண்களின் மேல் நின்றது.

“மூணாவது தடவை கேக்கறேன் ஐயா” என்றார் டாக்டர்.

பரிசோதகர் எழுந்தார். துணிப்பையைத் தோளில் மாட்டினார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். டாக்டரின் பேனா ஒரு கட்டத்துக்கும் இன்னொரு கட்டத்துக்கும் நடுவே நின்றது. அதிகாரி போனைக் காதில் வைத்தபடியே, “பதில் சொல்லாம போனா எதுல எழுதறது?” என்றார். அதற்குக் கட்டம் இல்லை. கட்டத்தில் எழுதாமல் போன் பண்ணவோ பரிசோதகரை நிறுத்தவோ விதியும் இல்லை. அவள் இரண்டு கையையும் குவித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள்.

அவளைக் கடக்கும்போது பரிசோதகர் ஒரு கணம் நின்றார். உதடு லேசாக அசைந்ததுபோல இருந்தது. பிறகு வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கதவைத் திறந்து, நீண்ட வராந்தாவில் வாசலைப் பார்த்து, டிக்கெட் வைத்திருக்கிற பயணியைப்போல அவசரமில்லாமல் நடந்து போனார்.